ஊர்ப் பேனா

என் வீட்டுக்காரருக்கு இரண்டு மனைவிகள். மூத்தாள் நல்ல கறுப்பு, கொஞ்சம் தடித்த உடம்பு, மூக்கு மட்டும் தங்கம். நான் இளையவள்.

மூத்தாள் என்று நான் சொல்வது ஒரு மைப்பேனாவை. வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளத்தில் வாங்கினாராம். என்னை முதன்முதலில் பார்க்க வந்தபோதே சட்டைப் பையில் செருகிக்கொண்டுதான் வந்தார். நான் என்ன படித்திருக்கிறேன் என்று கேட்டுவிட்டு, பதிலைக் கேட்காமல் குனிந்து பையைப் பார்த்தார், மூடி சரியாக இருக்கிறதா என்று. வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு நானும் வெட்கப்பட்டேன். அந்த வெட்கத்தை இப்போது யாராவது திருப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வேன்.

அதற்குப் பிறகு வந்து சேர்ந்தவை நிறைய. மெத்தை வைத்துத் தைத்த மரப்பெட்டியில் வரிசையாகப் படுத்திருக்கும். வெயில் படாது, தூசி படாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒவ்வொன்றாகக் குளிப்பாட்டித் துடைத்துத் துணியில் காய வைப்பார். எங்கள் பெண் குழந்தையாக இருந்தபோது அவளைக் குளிப்பாட்டச் சொன்னால் "தண்ணி சூடா இருக்கான்னு எனக்குத் தெரியாதே" என்று நழுவிய மனிதர் இவர்.

இத்தனை பேனாவை வைத்துக்கொண்டு அப்படி என்ன எழுதுகிறார் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இவர் இன்சூரன்ஸ் கம்பெனியில் இழப்பீட்டுப் பிரிவில் இருக்கிறார். அங்கே எல்லாமே கம்ப்யூட்டர். வருகைப் பதிவேட்டைக்கூட எடுத்துவிட்டு வாசலில் ஒரு கருவியை மாட்டிவிட்டார்கள், அதில் கட்டைவிரலை வைக்க வேண்டும். ஆக, சட்டைப் பையில் தங்க நிப்போடு இந்த மனிதர் தினமும் கைநாட்டு வைத்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்.

எழுதுவதெல்லாம் சாயங்காலம் வீட்டில்தான். தடிமனான, வழுவழுப்பான, மை ஊறாத விசேஷத் தாள் ஒன்று உண்டு. அதை மேசையில் விரித்து, முதுகை நிமிர்த்திக்கொண்டு உட்கார்வார். 'இது நடுத்தர நிப்பு. இது பச்சை மை. ஓட்டம் நன்றாக இருக்கிறது' என்று எழுதுவார். அடுத்த பேனாவை எடுப்பார். 'இது மெல்லிய நிப்பு. இது ஊதா மை. ஓட்டம் கொஞ்சம் வறட்சி.' இதுதான் அவருடைய படைப்பு. கத்தை கத்தையாக அலமாரியில் இருக்கிறது. இதுவரை எந்தப் பேனாவாலும் வேறு எதையும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை.

நாள் முழுக்க எழுதுகிறவள் நான். ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். நோயாளியின் தாளுக்கு அடியில் கார்பன், அதற்கடியில் இன்னொரு தாள், அதற்கும் அடியில் இன்னொரு கார்பன். அழுத்தி எழுதினால்தான் கடைசித் தாளில் விழும். கடைசித் தாள்தான் கீழே மருந்தகத்துக்குப் போகும். அதில் ஒரு புள்ளி சரியாக விழவில்லை என்றால் மருந்தின் அளவு மாறிவிடும். "அழுத்தி எழுதுங்கடி" என்று புதிதாக வரும் பெண்களிடம் கத்தியே என் தொண்டை கட்டிப்போயிற்று. நடுவிரலில் பால்பாயிண்ட் பேனா பதிந்த இடத்தில் காய்ப்பு ஒன்று சுண்டைக்காய் மாதிரி நிற்கிறது.

கல்யாணமான புதிதில் ஒருநாள் இவர் விரல் நுனியெல்லாம் நீலமாக இருந்ததைப் பார்த்துப் பதறிப்போய் நாடி பிடித்தேன். விரல் நீலமானால் மூச்சு சரியில்லை என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். உதட்டைப் பார்த்தேன், கண் இமையை இழுத்துப் பார்த்தேன். "லீக் அடிச்சிடுச்சு" என்றார். நான் நம்பாமல் மூச்சையும் எண்ணினேன். இவர் அதற்குள் பேனாவைக் கழற்றி, நிப்புக்கு அடியில் இருக்கும் நாக்கட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இவருக்கு இரண்டு கூட்டாளிகள். ஒருவர் பல் டாக்டர், இன்னொருவர் வரிக்கணக்குப் பார்க்கும் ஆடிட்டர். மாதம் ஒருமுறை எங்கள் ஹாலில் கூடுவார்கள். பல் டாக்டர் ஒருதரம் புது மைப்புட்டி ஒன்று கொண்டுவந்தார். மூன்று பேரும் அதை ஜன்னலோரம் வைத்துப் பெருமூச்சு விட்டார்கள்.

"மழை வர்றதுக்கு முன்னாடி வானம் ஒரு மாதிரி இருக்குமே, அந்தக் கலர்" என்றார் டாக்டர்.

"அதுக்குள்ள லேசா ஒரு சோகம் தெரியுது பாருங்க" என்றார் ஆடிட்டர்.

டீ கொண்டுபோன நான் எட்டிப் பார்த்து, "நீலம்" என்றேன். மூன்று பேரும் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் நான் டம்ளர்களை வைத்துவிட்டு சமையலறைக்கு வந்துவிட்டேன்.

இவர்களுக்கு வேதம் என்று ஒன்று உண்டு. நிப்பு, எழுதுகிறவன் கைக்குப் பழகும். அவன் சாய்க்கிற சாய்வுக்குத் தேயும், அவன் கொடுக்கிற பாரத்துக்கு வளையும். வேறொரு கை பட்டால் அத்தனையும் போச்சு. ஆகவே பேனாவை யாருக்கும் தரக் கூடாது. ஆனால் உலகத்தில் மனிதர்கள் "ஒரு நிமிஷம் பேனா குடுங்க" என்று கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். இல்லை என்றால் மரியாதையாக இருக்காது. அதற்காக மூவரும் சட்டைப் பையில் மூத்தாளுக்குப் பக்கத்தில் டிக் டிக் என்று அமுக்குகிற மலிவு பால்பாயிண்ட் ஒன்றையும் வைத்திருப்பார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ஊர்ப் பேனா. ஊரார் கேட்டால் கொடுக்க.

பார்சல் கொண்டுவருகிறவருக்கு ஊர்ப் பேனா. மாடி வீட்டுக்காரருக்கு ஊர்ப் பேனா. எனக்கும் ஊர்ப் பேனாதான். எங்கள் பெண் பிறந்தபோது பிறப்புப் பதிவுத் தாளில் நான் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. கட்டிலில் படுத்தபடி கையை நீட்டினேன். ஊர்ப் பேனாவை அமுக்கிக் கொடுத்தார். வலியில் இருந்த நான் அப்போது அதை யோசிக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு யோசித்தேன். அப்புறம் யோசிப்பதை விட்டுவிட்டேன். கேட்டு வாங்கலாம்தான். கேட்டால்தான் கிடைக்கும் என்றால் எனக்கு எதற்கு என்று ஒரு வீம்பு.

பெண்ணுக்கு மட்டும் விலக்கு. அவள் ரத்தம் இவருடைய ரத்தமாம், கையும் இவர் கையாம். பத்து மாதம் நான் சுமந்தது எந்தக் கணக்கில் வரும் என்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அவளை மடியில் உட்காரவைத்து மூத்தாளைக் கையில் கொடுத்து எழுத விட்டார். அவளும் அந்த வேதத்திலேயே வளர்ந்தாள். யாருக்கு எந்தப் பேனா என்பதற்கு எங்கள் வீட்டில் என்ன அர்த்தம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அந்தப் பெண் ஒருநாள் ஒரு பையனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். கூடவே வேலை பார்க்கிறவர், இவரைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றாள். நல்ல பையன். வந்ததும் என் கையிலிருந்த தட்டை வாங்கி மேசையில் வைத்தார். எனக்கு அங்கேயே பிடித்துவிட்டது.

"தம்பி என்ன வேலை பாக்கறீங்க?" என்றார் இவர்.

"கையெழுத்து சம்பந்தமாத்தான் மாமா" என்றார் பையன், இவரைக் குளிர்விக்கலாம் என்று.

இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பத்திரம், ஒப்பந்தம் எதுக்குமே இனிமே பேனாவே வேண்டாம் மாமா. ஸ்கிரீனை விரலால தொட்டா கையெழுத்து விழுந்துடும். அதுக்குத்தான் சாப்ட்வேர் பண்றோம். இன்னும் கொஞ்ச வருஷத்துல பேனாங்கிறதே இருக்காது."

இவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் பிஸ்கட்டை நகர்த்தினேன். பையனுக்கும் ஏதோ தப்பாகப் போகிறது என்று புரிந்திருக்க வேண்டும். சுற்றிப் பார்த்தார். மரப்பெட்டி கண்ணில் பட்டது. "அடேங்கப்பா, இதெல்லாம் உங்க கலெக்ஷனா மாமா? ஒண்ணு எழுதிப் பாக்கலாமா?" என்று ஆசையாகக் கையை நீட்டினார். இடது கையை.

மைப்பேனாக்காரர்களுக்கு இடது கைக்காரர் என்றால் குலை நடுங்கும். வலது கைக்காரன் நிப்பை இழுத்துக்கொண்டு போகிறான், இடது கைக்காரன் தாளில் குத்தித் தள்ளிக்கொண்டு போகிறான், நிப்பு விரிந்துவிடும் என்பது அவர்கள் வாதம். போதாததற்கு எழுதிய ஈர மையின் மேலேயே கை போகும். இவர் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஊர்ப் பேனாவை எடுத்து, அமுக்கி, பையன் கையில் வைத்தார்.

பையன் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு மாமா" என்றார் பாவம். என் பெண் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

பின்னாலேயே போனேன். குழாயைத் திறந்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள்.

"அவருக்குப் போய் ஊர்ப் பேனாவக் குடுக்கறாரும்மா."

"உங்கப்பா எல்லாருக்கும் அதத்தானேடி குடுக்கறார்."

"எல்லாரும் ஊரு. இவரும் ஊரா?"

இத்தனை வருஷமாக நான் ஊர்.

அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது கல்யாணத்தைப் பற்றி அவரிடம் கேட்டாள். "உன் இஷ்டம்மா" என்றார். மறுநாள் கேட்டாள், "உன் சந்தோஷந்தான் முக்கியம்" என்றார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அவள் சண்டைக்குத் தயாராக வந்தாள், அவர் சண்டைக்குக்கூட இடம் கொடுக்கவில்லை. கல்யாணத்தைப் பதிவு அலுவலகத்தில் எளிமையாக வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டு வீடும் பேசி முடித்தபோதும், "ஓ, பேஷா" என்று சொல்லிவிட்டு மை கலக்கப் போய்விட்டார்.

தேதி குறித்த அன்று பெண் என்னிடம் வந்தாள். "அம்மா, ஒண்ணு சொல்றேன். அன்னிக்கு அவர் கையெழுத்துப் போடறப்ப அப்பா தன் கையால அந்தக் கறுப்புப் பேனாவ எடுத்து அவர்ட்ட குடுக்கணும். குடுத்தா மனசாரச் சம்மதிச்சுட்டார்னு எடுத்துக்கறேன். அதவிட்டு டிக் டிக் பேனாவ நீட்டினார்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"ஒரு பேனாவுக்காகக் கல்யாணத்த நிறுத்துவியாடி?"

"பேனாவுக்காகவா நிறுத்தறேன்?" என்று கேட்டாள். அந்தப் பிடிவாதம் அப்படியே அப்பனுடையது.

இவரிடம் நான்தான் பேச வேண்டியிருந்தது. விஷயத்தைச் சொன்னேன். கையிலிருந்த பேனாவின் மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினார். "பாக்கலாம்" என்றார். எங்கள் வீட்டில் பாக்கலாம் என்றால் முடியாது என்பதற்கு மரியாதையான சொல்.

அந்த மாதக் கூட்டம் அவசரமாகக் கூட்டப்பட்டது. நான் டியூட்டி முடிந்து வந்தபோது ஹாலில் மூன்று பேரும் கவலைக்கிடமான நோயாளியைச் சுற்றி நிற்பதுபோல் நின்றார்கள். பல் டாக்டர் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூத்தாளின் நிப்பைச் சோதித்தார்.

"தாங்காது" என்றார் டாக்டர். "வயசாயிடுச்சு. நுனி ரொம்ப மெலிசு. பால்பாயிண்ட் பழகின கை, அதுலயும் இடது கை. ஒரு அழுத்து அழுத்தினா ரெண்டு காலும் விரிஞ்சிடும்."

"இதே மாதிரி வேற ஒண்ணு வாங்கிக் குடுத்துடலாமே" என்றார் ஆடிட்டர். "பொண்ணுக்கு வித்தியாசம் தெரியவா போகுது?"

"தெரியும்" என்றார் என் வீட்டுக்காரர். அதில் ஒரு பெருமை வேறு.

"அப்ப மாப்பிள்ளைக்கு டிரெய்னிங் குடுத்துடுவோம்" என்றார் டாக்டர்.

நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "ஆஸ்பத்திரியில ஆபரேஷனுக்கு முன்னாடிகூட இவ்வளவு பேசமாட்டாங்க" என்றேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சொன்னபடியே அந்த சனிக்கிழமை பையனை வரவழைத்தார்கள். பெண்ணுக்குத் தெரியாமல்தான். ஒரு சாதாரண மைப்பேனாவைக் கொடுத்து, விசேஷத் தாளை விரித்து, மூன்று பேரும் மூன்று பக்கம் நின்றுகொண்டார்கள். தாளைச் சாய்த்து வையுங்கள் என்றார் ஒருவர். மணிக்கட்டை வரிக்குக் கீழே கொண்டுவாருங்கள் என்றார் இன்னொருவர். என் வீட்டுக்காரர் மட்டும் ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார், "அழுத்தாதீங்க தம்பி, அழுத்தாதீங்க." பையன் வியர்த்து ஊற்ற எழுதினார். கடைசியில் உள்ளங்கை ஓரம் முழுக்க மை, சட்டைக் கை முழுக்க மை, தாளில் ஓட்டை. "கஷ்டம்" என்று முணுமுணுத்தபடி டாக்டர் வழக்கமாகப் பல்லைப் பிடுங்குவதற்கு முன் பார்ப்பதுபோல் பையனைப் பார்த்தார்.

கை கழுவ நான்தான் சோப்பு எடுத்துக் கொடுத்தேன். "அத்தை, மாமாவுக்கு என்னப் பிடிக்கலையா?" என்று மெதுவாகக் கேட்டார். "அவருக்கு யாரையும் பிடிக்கறதுக்குக் கொஞ்சம் நாளாகும்ப்பா" என்றேன். எனக்கே இன்னும் நாள் முடியவில்லை என்பதைச் சொல்லி அவரைப் பயமுறுத்துவானேன்.

கல்யாண நாள் வந்தது. பதிவு அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில். பெஞ்சில் எங்களுக்கு முன்னால் ஒரு ஜோடி, பின்னால் இரண்டு ஜோடிகள். சீலிங் ஃபேன் சுற்றச் சுற்ற மேசையிலிருந்த காகிதங்கள் படபடத்தன. பதிவாளர் மூக்கில் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, தலையணை அளவு பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தார். மேசைக்காலில் கயிறு போட்டுக் கட்டிய பால்பாயிண்ட் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. பையனின் அப்பா அம்மா வந்திருந்தார்கள். சாட்சிக் கையெழுத்துக்கு அவர்கள் பக்கம் அப்பா, எங்கள் பக்கம் நான் என்று முடிவாகியிருந்தது. இவர் ஏன் சாட்சி இல்லை என்றால், சாட்சிக் கட்டம் சின்னதாக இருக்கும், மைப்பேனாவில் போட்டால் மை பரவிவிடும் என்று இவரே ஒதுங்கிக்கொண்டார்.

"மாப்பிள்ளை மொதல்ல போடுங்க" என்றார் பதிவாளர்.

பையன் முன்னால் வந்தார். பழக்கத்தில் தன் பையைத் தடவினார். பேனா இல்லை, பேனாவே வேண்டாத உலகத்தைச் செய்துகொண்டிருக்கிறவரிடம் எப்படி இருக்கும். என் பெண் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். இவர் கை சட்டைப் பைக்குப் போயிற்று. அங்கே இரண்டு பேனாக்கள் இருந்தன. கை கொஞ்சம் தயங்கியது, வெளியே வந்தது. டிக் என்று சத்தம் கேட்டது.

பையன் நன்றி சொல்லி அதை வாங்கினார். என் பெண் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். "வேண்டாம்" என்றாள்.

"என்ன வேண்டாம்?" என்றார் பதிவாளர்.

அவள் மணிக்கட்டை விடவில்லை. பையனுக்கு முகம் வெளுத்துவிட்டது. "என்னம்மா, சம்மதமில்லையா?" என்று பதிவாளர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்டார். பின்னாலிருந்த ஜோடிகள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். பையனின் அம்மா என் பக்கம் வந்து, "சம்பந்தி, என்ன ஆச்சு? ஏதாவது தப்பு நடந்துடுச்சா?" என்று கேட்டார். அந்த அம்மாவிடம் என்ன சொல்வேன். உங்கள் பிள்ளைக்கு என் வீட்டுக்காரர் அமுக்குகிற பேனாவைக் கொடுத்துவிட்டார், அதனால் கல்யாணம் நிற்கிறது என்றால் எங்கள் குடும்பத்தை எந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது என்றுதான் யோசிப்பார்.

"பேனா எழுதலையா? இதுல போடுங்க" என்று பதிவாளர் கயிற்றில் தொங்கியதை இழுத்தார்.

நான் இவர் முழங்கையைப் பிடித்து ஜன்னல் பக்கம் இழுத்துப் போனேன். ஆஸ்பத்திரியில் பிடிவாதம் பிடிக்கிற நோயாளிகளிடம் பேசுகிற குரலில்தான் ஆரம்பித்தேன், பாதியிலேயே அது கைவிட்டுப் போய்விட்டது.

"நிப்பு போனா டாக்டர் வேற நிப்பு மாட்டித் தருவார். இவ போனா யார் மாட்டித் தருவா? நீங்க அந்தப் பேனாவுல இதுவரைக்கும் என்ன எழுதிக் கிழிச்சிருக்கீங்க, ஓட்டம் நல்லா இருக்குங்கறதத் தவிர? இன்னிக்கு ஒருநாளாவது அது உருப்படியா ஒண்ணு எழுதட்டும்."

இவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. பெண்ணுக்காகவா நிப்புக்காகவா என்று எனக்குத் தெரியாது, அந்த நேரத்தில் கேட்கவும் தோன்றவில்லை. திரும்பி மேசைக்குப் போனார். மூத்தாளை எடுத்தார். மூடியைத் திருகித் திறந்து, பின்பக்கம் செருகாமல் தன் கையிலேயே வைத்துக்கொண்டு, பேனாவைப் பையனிடம் நீட்டினார்.

"அழுத்தாதீங்க" என்றார். பிறகு, "பரவால்ல, உங்களுக்கு எப்படி வருதோ அப்படிப் போடுங்க" என்றார்.

பையன் பார்த்துப் பார்த்துத்தான் போட்டார். ஆனாலும் கடைசி எழுத்தின் வளைவில் தாளில் குத்தி ஒரு சத்தம் வந்தது. அறையில் நான்கு பேருக்குத்தான் அந்தச் சத்தத்தின் அர்த்தம் தெரியும். நிப்பின் ஒரு கால் விலகி, கொட்டாவி விடுவதுபோல் நின்றது. கையெழுத்தின் முடிவில் மை ஒரு சொட்டு உருண்டு நின்றது. அதன் மேலேயே அவர் கையும் போயிற்று.

"ஐயோ, மாமா" என்றார் பையன்.

இவர் நிப்பைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன், மயக்கம் போட்டு விழுந்தால் பிடிக்க வேண்டுமே என்று. அப்படியொன்றும் ஆகவில்லை. "அது அப்படித்தான், புதுக் கை பட்டா கொஞ்சம் விலகும்" என்றார். "நீங்களே வச்சுக்கங்க மாப்ள. இனிமே அது உங்க கைக்குப் பழகட்டும்."

தம்பி என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் மாப்ள என்றார். என் பெண் அதே பேனாவை வாங்கி, அந்த விலகிய நிப்பாலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு அப்பா தோளில் சாய்ந்துவிட்டாள். பையனின் அம்மா எதற்கென்று தெரியாமலே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பையனின் அப்பா கயிற்றுப் பேனாவால் சாட்சிக் கையெழுத்தைச் சட்டென்று போட்டுவிட்டு நகர்ந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், வயிறும் எரிந்தது. வந்து நாலு மாதமான மாப்பிள்ளைக்குத் தங்க நிப்பையே தூக்கிக் கொடுத்துவிட்டார்.

"பொண்ணோட அம்மா, வாங்க" என்றார் பதிவாளர்.

மேசைக்கு முன்னால் வந்து நின்றேன். இவர் ஒரு கையால் பெண்ணை அணைத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி, இன்னொரு கையால் மேசையில் கிடந்த ஊர்ப் பேனாவை எடுத்தார். பார்க்காமலே அமுக்கினார். என் பக்கம் நீட்டினார்.

அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதுதான் எனக்கு வலித்தது. நீட்டியதே அவருக்குத் தெரியாது. பெண்ணைப் பார்த்தேன். புருஷனுக்காகப் பதிவு அலுவலகத்தையே நிறுத்தியவள் அப்பா சட்டையில் முகத்தை வைத்திருந்தாள், அவளும் பார்க்கவில்லை. வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் நாங்கள் எல்லோரும் சாப்பிடப் போகலாம். இத்தனை வருஷமாக வாங்கியதுதானே என்று கையையும் தூக்கிவிட்டேன்.

மாப்பிள்ளை எனக்குப் பக்கத்தில் மூத்தாளைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டு, மூடி எங்கே என்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார். நான் கை தூக்கியதைப் பார்த்தார். அவருக்கு எங்கள் வேதம் தெரியாது. ஒருவருக்குப் பேனா வேண்டும், தன் கையில் பேனா இருக்கிறது, அவ்வளவுதான்.

"அத்தை, இந்தாங்க" என்று இடது கையால் நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன். இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தது தெரிந்தது. நான் திரும்பவில்லை. நினைத்ததைவிடக் கனமாக இருந்தது, மாப்பிள்ளையின் கைச்சூடு இன்னும் அதில் இருந்தது. பதிவேட்டில் வைத்து, வழக்கம்போல் அழுத்தப் போனேன், அழுத்துவதற்கு முன்பே மை இறங்கிவிட்டது. நான் ஒன்றுமே செய்யவில்லை. கையை நகர்த்தினேன், எழுத்து தானாக வந்தது, ஈரமாக, பளபளவென்று. விலகிய நிப்பு ஓரிடத்தில் இரட்டைக் கோடு இழுத்தது, அதுவும் அழகாகத்தான் இருந்தது. அடியில் கார்பன் இல்லை, யாருக்கும் பிரதி போக வேண்டியதில்லை. இந்த மூன்று ஆண்களும் இத்தனை வருஷமாக என் ஹாலில் உட்கார்ந்து எதற்காகப் பெருமூச்சு விட்டார்கள் என்று அப்போதுதான் புரிந்தது, புரிந்ததும் கோபம் எனக்கு இன்னொரு மடங்கு ஏறியது. இவ்வளவு சுகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டா என்னை அழுத்த விட்டார்.

"சின்னதா கையெழுத்து போட்டாப் போதும்மா, பின்னாடி ஆள் நிக்கறாங்க" என்றார் பதிவாளர்.

"இருங்க சார்" என்றேன். "முழுப் பேரையும் எழுதிக்கறேன்."